பின்பக்கத்துச் சத்தம்

பழைய கார் வாங்குகிறவர்கள் முதல் வேலையாகப் பின்சீட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அய்யா. யாரும் பார்ப்பதில்லை. நான் வாங்கிய அன்றைக்கே கழற்றினேன். ஒரு கொண்டை ஊசி, இரண்டு புளியங்கொட்டை, தகர டப்பா ஒன்றின் மூடி. அந்த மூடிதான் ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து எறிந்ததும் பாதிச் சத்தம் போய்விட்டது.

இதையெல்லாம் ஏட்டு எழுத வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ‘ஏன்’ என்றுதான். அதை இங்கிருந்து தொடங்கினால்தான் சொல்ல முடியும்.

பெயர் சென்னிமலை. வயது நாற்பத்தொன்று. திருப்பூரில் பல்லடம் ரோட்டில் எட்டு நிட்டிங் மெஷின் வைத்துப் பனியன் துணி ஓட்டுகிறேன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் கம்பெனியில் பிட்டராக இருந்தேன். மெஷினில் ஓர் ஊசி முறிந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். மற்ற பிட்டர்கள் கோட்டைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்துவார்கள். நான் கோடு விழுவதற்குள் நிறுத்திவிடுவேன். முறிந்த ஊசி, மெஷின் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை ‘டிக்’ என்னும். அத்தனை ஊசிகளுக்கு நடுவே அந்த ஒரு டிக் எனக்குக் கேட்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட காது வாய்த்தவன் எங்கேயும் நிம்மதியாக உட்கார முடியாது.

சாரதாமணியைக் கல்யாணம் செய்து ஏழு வருஷம் ஆகிறது. அவளுக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்த வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிது. வந்த புதிதில் இவளும் கிணற்றடியில் நின்றபடியே தெருவில் போகிறவர்களோடு பேசுவாள். நான் அடித்ததில்லை, அதட்டியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்தினேன். காலில் மெட்டி தரையில் தட்டியது, நூல் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். பாத்திரங்களைப் பனியன் வேஸ்ட் துணியை விரித்து அதன்மேல் வைக்கச் சொன்னேன். ஆட்டுக்கல்லை நான் கம்பெனிக்குப் போன பிறகு சுற்றச் சொன்னேன். நல்லபடியாகக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வருஷத்தில், வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அதைச் சொல்லி அவளைப் பாராட்டியும் இருக்கிறேன்.

ஒரு நாள் மட்டும், சோறு போட்டுக்கொண்டே, “இந்த ஊட்டுக்கு வந்து எந் தொண்டையே அடைச்சுப்போச்சுங்க” என்றாள். வெந்நீர் குடி என்றேன்.

காரைப் போன ஆவணியில் வாங்கினேன். ஐம்பத்திரண்டாம் வருஷத்துச் சீமைக் கார், கறுப்பு. கோயமுத்தூரில் ஒரு பெரியவர் வீட்டில் ஓடாமல் நின்றிருந்தது. இன்ஜின் நல்ல இன்ஜின். சத்தம்தான். டாஷ்போர்டு மூடி ஆடியது, ரப்பர் வைத்தேன். பின் நம்பர் பிளேட்டில் ஒரு போல்ட் லூஸ். ஜாக்கியின் கைப்பிடி அதன் கிளிப்பில் நிற்கவில்லை, துணி சுற்றிக் கட்டினேன். கதவுத் தகடுகளுக்குள்ளும் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவிலுள்ள பலகையைச் சுற்றியும் இடுக்கு இருந்த இடத்திலெல்லாம் பனியன் வேஸ்டை ஸ்குரூ டிரைவரால் குத்தி அடைத்தேன். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா. டிக்கி மூடிக்குச் சுற்றிலும் புது ரப்பர் ஒட்டினேன். ஒரு மாதத்தில் பதினேழு சத்தங்களைப் பிடித்தேன். பிடித்ததும் ஒரு சந்தோஷம் வரும். அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

பதினெட்டாவது சத்தம் பிடிபடவில்லை.

அது கிளம்பியதும் வராது. ஊருக்குள் வராது. அருள்புரம் தாண்டி வண்டி இருபத்தைந்து மைல் வேகத்துக்கு வந்த பிறகு, பின்னாலிருந்து ‘டக்’ என்னும். கொஞ்சம் விட்டு ‘டக் டக்’. பிறகு ஒரு பர்லாங்கு ஒன்றுமே இருக்காது. போய்விட்டது என்று நினைக்கிற நேரத்தில் மறுபடி ஒரு டக். ஒழுங்காக வந்தாலாவது பழகிப்போயிருக்கும். அது ஒழுங்காக வரவில்லை. கம்பெனியில் எட்டு மெஷின் ஓடும்போது அதற்குள் அது கேட்டது. இலையில் கை வைத்தால் அடுத்த டக் எப்போது என்று காத்துக்கொண்டிருப்பேன், சோறு ஆறிவிடும். வண்டியை விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். விற்றால் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போய்விடும். அதோடு எப்படி இருப்பது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான் இருந்தேன்.

வெள்ளையன் என்று ஒரு மெக்கானிக், பட்டறை பல்லடம் ரோட்டிலேயே இருக்கிறது. அவன்தான் வழி சொன்னான்.

“ஓட்டறவருக்கு எடம் தெரியாதுங்க மொதலாளி. ஆராச்சும் டிக்கிக்குள்ள படுத்துக் காது குடுத்துக் கேக்கோணும்” என்றான்.

அவனே படுத்தான். மூடியைத் திறந்தபடி கயிறு போட்டுக் கட்டிவிட்டு இரண்டு பர்லாங்கு ஓட்டினேன். மூடி திறந்திருந்ததால் காற்றுச் சத்தம்தான் கேட்டது. மூடிவிட்டு ஓட்டுகிறேன் என்றேன். அவன் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டான். “அது மட்டும் நம்மளால ஆவாதுங்க” என்றான்.

வீட்டில் சாரதாமணி இருந்தாள். சின்ன உடம்பு. தாராளமாக இடம் இருந்தது.

முதல் தடவை அவளாகவேதான் ஏறினாள். சாமளாபுரம் ரோடு, ஞாயிற்றுக்கிழமை காலை. சிரித்துக்கொண்டேகூட ஏறினாள். தலையணை கொடுத்தேன், டார்ச் லைட் கொடுத்தேன், சத்தம் வருகிற இடத்தில் குறி போட ஒரு சாக்குக்கட்டி கொடுத்தேன். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். என்ன ஆனாலும் உள்ளேயிருந்து தட்டக் கூடாது. தட்டினால் வண்டிச் சத்தம் எது, அவள் சத்தம் எது என்று கலந்துபோகும். நியாயம்தானே. ஒரு மைல் போய்த் திறந்தேன். வேர்த்து வழிய எழுந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணுமே கேக்கலீங்க. ரோட்டுச் சத்தந்தானுங்க கேக்குது” என்றாள்.

அடுத்த ஞாயிறு இரண்டு மைல். அதற்கடுத்த ஞாயிறு மூன்று. அப்போதுதான் குறி போட ஆரம்பித்தாள். போட்ட இடத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் லூஸ் இல்லை. ஐந்தாவது ஞாயிறுதான் எனக்கு விளங்கியது. ஏதாவது ஓர் இடத்தில் கோடு போட்டால் வெளியே விட்டுவிடுவேன் என்று போட்டிருக்கிறாள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, அய்யா. கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்டதாகப் பொய் சொன்னால், கவனிக்கவில்லை என்று அர்த்தம். கவனம் வருவதற்கு நேரம் தேவை. அதனால் தூரத்தைக் கூட்டினேன்.

“ஏனுங்க, உள்ள மூச்சு முட்டுதுங்க. ஒரு ஓட்டையாச்சும் போட்டுடுங்க” என்று ஒரு தடவை கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஓட்டை போட்டால் அதில் காற்று நுழைந்து புதிதாக ஒரு சத்தம் வரும். முடியாது என்று காரணத்தோடு எடுத்துச் சொன்னேன்.

வெள்ளையனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு நாள் வண்டியை மறித்து நிறுத்தி, “இது வேண்டாமுங்க மொதலாளி. பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தானுங்க செய்யும். அம்மிணிய உட்ருங்க” என்றான். அதன் பிறகு அவன் பட்டறைக்கு நான் போகவில்லை.

இப்படி ஒன்பது ஞாயிறு.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். கொமரலிங்கத்தில் அவள் தங்கைக்கு மறுநாள் வளைகாப்பு. போக வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தாள், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். காலையில் கம்பெனிக்குப் போய்விட்டு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். எட்டிப் பார்த்தேன். இல்லை. பெட்டியும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் தகரப் பெட்டியோடு நின்றிருந்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். எங்கே வாங்கினாளோ தெரியாது. மெட்டியில் நூல் இல்லை. என்னைப் பார்த்ததும், “உங்களக் கேட்டா உடமாட்டீங்கன்னுதானுங்க” என்றாள். நான் கோபப்படவில்லை. நானும் வருகிறேன், காரிலேயே போகலாம், இந்த வெயிலில் பஸ் எதற்கு என்றேன். சுற்றிலும் தெரிந்தவர்கள் நின்றார்கள். புருஷன் கார் கொண்டுவந்து கூப்பிடும்போது அத்தனை பேர் எதிரில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள். பெட்டியை முன்சீட்டில் வைத்துவிட்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அருள்புரம் தாண்டியதும் சத்தம் வந்தது. கேட்டதா என்று கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லடம் தாண்டிய பிறகு பேசினாள். கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த அந்தப் பழைய குரல்.

“இந்த வண்டியில அப்பிடி ஒரு சத்தமே இல்லீங்க. ஒம்பது வாரம் உள்ள கெடந்திருக்கறனுங்க, ஒருக்கா கேட்டதில்லீங்க. அது உங்களுக்கு மட்டுந்தான் கேக்குது. நான் ஊருக்குப் போனா இனித் திரும்பி வரமாட்டனுங்க. எங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடுவனுங்க.”

நான் கோபப்படவில்லை. தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு மைல் போய்ப் புளியமரத்தடியில் ஓரமாக நிறுத்தினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன். கடைசியாக ஒரே ஒரு தடவை, குடிமங்கலம் வரைக்கும் கேட்டுச் சொல், அதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றேன். அவளாகவே ஏறினாள்.

அங்கிருந்து கொமரலிங்கம் வரை ஓட்டினேன். வழியில் சத்தங்கள் இருந்தன. அவள் பெட்டி டிக்கிக்குள் உருளுகிறது என்று நினைத்துக்கொண்டேன். குடிமங்கலத்தில் நிறுத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். சந்தைக் கூட்டம், மாட்டு வண்டிகள். நிறுத்த வசதிப்படவில்லை.

பதினொன்றரைக்கு மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அங்கே நிழல் கிடையாது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

“வாங்க மாப்ளைங்க. சாரதா எங்கீங்க?”

“பொறகால வர்றா” என்றேன்.

அது பொய்யா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை. பொறகால என்றால் பின்னால் என்றும்தானே, பிறகு வருகிறாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். நான் சொன்னதில் தப்பில்லை.

இலை போட்டார்கள். வளைகாப்புக்காக ஒப்புட்டு சுட்டிருந்தார்கள், இரண்டு சாப்பிட்டேன். தங்கை வந்து, அக்கா சேலை எடுத்துவைத்திருக்கிறாளா என்று கேட்டாள். தெரியவில்லை கண்ணு என்றேன். பிறகு கட்டிலில் சாய்ந்தேன். வாய்க்கால் காற்று நன்றாக இருந்தது. தூங்கியிருக்கிறேன்.

நாலு மணிக்கு மைத்துனன் மருதாசலம் எழுப்பினான்.

“மச்சா, பஸ்ஸு ரெண்டு வந்து போயிருச்சுங்க. அக்காவக் காணமுங்களே.”

நான் எழுந்து முகம் கழுவினேன். அவன் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

“அக்கா பொட்டி முன்சீட்டுல இருக்குதுங்களே மச்சா” என்றான்.

இருக்கிறது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை நீட்டி, “சாவியக் குடுங்க” என்றான். கொடுத்தேன். டிக்கிச் சாவியும் அதே வளையத்தில்தான் இருந்தது. மறைக்க நினைக்கிறவன் சாவியைக் கொடுப்பானா? இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

அவன் போட்ட கூச்சலைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

காற்றில்லாமலும் சூட்டிலும் உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். இடுக்கெல்லாம் நான் அடைத்துவைத்திருந்ததும் ஒரு காரணம் என்கிறார். அடைத்தது சத்தத்துக்காக. கார் கொமரலிங்கத்தில் வந்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். நான் இலையில் உட்கார்ந்திருந்த நேரம். அப்போது எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அய்யா. நின்ற வண்டியை நான் கவனிப்பதில்லை.

சில விஷயங்களை நான் சரியாகச் சொல்லவில்லை. திருத்திக்கொள்கிறேன்.

புளியமரத்துக்கு எதிர்க் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பழனாயி என்கிற அம்மாள் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அந்த அம்மாள் சொல்வது சரிதான். சாரதாமணி ஏறவில்லை. ரோட்டில் பல்லடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். இடுப்பில் தூக்கி உள்ளே வைத்தேன். அவள் கால் வெளியே இருந்தது, மடித்து உள்ளே தள்ளினேன். அந்த அம்மாள் என்னவென்று சத்தம் போட்டுக் கேட்டதும் நிஜம். உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். ஆளை டிக்கியில் வைத்தா என்று கேட்டார்கள். அதற்குள் மூடிவிட்டேன். டார்ச்சும் சாக்குக்கட்டியும் அன்றைக்குக் கொடுக்கவில்லை. அதனால், சத்தம் கேட்டுச் சொல்வதற்காக ஏற்றினேன் என்று நான் சொன்னது அவ்வளவு பொருந்தாது. பொருந்தவில்லை என்று எனக்கும் தெரிகிறது. கொமரலிங்கத்துக்கு அவள் உட்கார்ந்தபடி வந்து இறங்கினால் என்னென்ன பேசுவாள் என்று பல்லடத்திலிருந்தே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்று, பெட்டி. அது முன்சீட்டில் என் பக்கத்திலேயே இருந்தது. எனவே அது டிக்கிக்குள் உருண்டிருக்க முடியாது. குடிமங்கலத்தில் சந்தையும் வியாழக்கிழமை கூடுவதில்லை. ரோடு காலியாக இருந்தது.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். அந்த வண்டியில் எனக்குத் தெரியாத சத்தம் கிடையாது. மூடி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஆரம்பித்தாள். முதலில் கண்ணாடி வளையல் சத்தமும் சேர்ந்து வந்தது. எந்தக் காரிலும் அப்படிச் சத்தம் போடுகிற பாகம் கிடையாது. இரண்டு மைலுக்குள் வளையல் சத்தம் நின்றுவிட்டது, கை மட்டும். முஷ்டியால் தட்டினாள், பிறகு உள்ளங்கையால், பிறகு காலால் பின்சீட்டுப் பலகையை உதைத்தாள், என் முதுகில் அதிர்ந்தது. என் பெயரைச் சொல்லமாட்டாள், ‘ஏனுங்க ஏனுங்க’ என்றுதான் கூப்பிட்டாள். பஞ்சு அடைத்த மாதிரி கேட்டது. பதினொரு மைல். மைல்கல்லைப் பார்த்துக்கொண்டே வந்ததால் கணக்கு தப்பாது. குடிமங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது.

அது அவள் கை என்று தெரிந்துதான் ஓட்டினேன். ஒரு தடவை கிளட்சில் காலும் வைத்தேன், நிறுத்துவதற்காக. அப்போதுதான் கவனித்தேன். அவள் தட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பழைய சத்தம் வரவே இல்லை. ஏழெட்டு மாதத்தில் அப்படி ஒரு பத்து மைல் எனக்குக் கிடைத்ததில்லை, அய்யா. தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தது. திறந்து விட்டால் அது திரும்ப வந்துவிடும் என்று தெரியும். காலை எடுத்துவிட்டேன்.